சங்கிலியில் ஐந்தாம் ஆள்

போன வருஷம் ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு, நாட்டை எதிரி தாக்கிவிட்டான், உடனே கிளம்பு என்று எனக்கு ஃபோன் வந்தது. நான் அப்போது டெக்சாஸில், பேர்லேண்டில், என் வீட்டுச் சமையலறையில் மோர் கலக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு வயது ஐம்பத்தெட்டு. இடது முழங்காலில் தீராத வலி. தாக்கப்பட்ட நாடு பூமியின் மறுபக்கத்தில் இருந்தது.

யாரும் இவ்வளவு நீட்டிச் சொல்லவில்லை. மறுமுனையில் ஒரு ஆண் குரல் இரண்டே இரண்டு ஆங்கிலச் சொற்களைச் சொன்னது. அவ்வளவுதான். அந்தச் சொற்களை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் யாரும் என்னைப் பிடித்துக்கொண்டு போகப் போவதில்லை, தெரியும். இருந்தாலும் கை வரவில்லை. இருபது வருஷமாக நான் கேட்காத, நினைக்காத சொற்கள் அவை. ஆனால் என் வாய் என்னைக் கேட்காமலே பதில் சொல்லிவிட்டது.

"அஞ்சு. ரிசீவ்ட். மூவிங்."

"பாஸ் இட் டவுன்," என்றது குரல். இணைப்பு அறுந்தது.

கையிலிருந்த கரண்டியிலிருந்து மோர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தபோதுதான் கவனித்தேன், இரண்டு குதிகாலையும் சேர்த்து விறைப்பாக நின்றுகொண்டிருந்தேன். அரைக்கால் சட்டையும் வீட்டுச் செருப்பும் போட்டுக்கொண்டு.

இங்கே எந்தத் தமிழ் வீட்டு விருந்துக்குப் போனாலும், "ஊர்ல எங்க சார்?" என்று கேட்பார்கள். சிங்கப்பூர் என்றால், "அது சரி, நேட்டிவ் எது?" என்பார்கள். நேட்டிவே அதுதான் என்றால் ஒரு மாதிரி சிரிப்பார்கள், நான் எதையோ மறைப்பதுபோல. என் அப்பாவும் அங்கேதான் பிறந்தார். நான் அங்கேதான் படித்தேன், அங்கேதான் பட்டாளத்தில் இருந்தேன். பட்டாளம் என்றதும் நம்மவர்களுக்கு ஒரே ஆச்சரியம். இன்ஜினியர் எப்படி சோல்ஜர் ஆனார்? அங்கே எல்லோரும்தான் சோல்ஜர் என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

நான் பேர்லேண்டிலிருந்து கிளம்பி, நெரிசல் நேரத்தில் ஹூஸ்டனின் வடக்கு முனைக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்த நாட்டை இந்தக் கடற்கரையிலிருந்து அந்தக் கடற்கரைவரை கடந்துவிடலாம். அப்படிப்பட்ட நாட்டுக்குப் பின்வாங்க இடம் கிடையாது. பின்வாங்கினால் கடல். பெரிய சம்பளப் பட்டாளம் வைத்துக்கொள்ள ஆளும் கிடையாது. அதனால் பதினெட்டு வயதில் ஒவ்வொரு பையனையும் எடுத்துக்கொள்வார்கள். இரண்டு வருஷத்துக்கும் மேல் சேற்றில் உருட்டி, சுடக் கற்றுக்கொடுத்து, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவன் வேலைக்குப் போவான், கல்யாணம் செய்வான், தொப்பை வளர்ப்பான். ஆனால் விட்டுவிட மாட்டார்கள். வருஷா வருஷம் கூப்பிட்டு முகாமில் போட்டு மறுபடி உருட்டுவார்கள். எங்கள் பட்டாளத்தில் பெரும்பாலானவர்கள் எந்த நேரத்திலும் அடுக்குமாடி வீடுகளில் கைலி கட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

ஆட்கள் மட்டுமல்ல. காய்கறிக்காரரின் லாரிக்குக்கூட ஒரு நாள் கடிதம் வரும், இன்ன இடத்தில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்து என்று. புதிய அடுக்குமாடி புளோக்குகளில் வீட்டுக்கு வீடு ஒரு சின்ன அறை உண்டு. தடித்த சுவர், இரும்புக் கதவு, குண்டு விழுந்தால் உள்ளே போய் உட்கார. நாங்கள் அதில் அரிசி மூட்டையும் பழைய மின்விசிறியும் போட்டு வைப்போம். வருஷத்துக்கு இரண்டு முறை ஊர் முழுக்கச் சங்கு ஊதிப் பார்ப்பார்கள். தொலைக்காட்சியில் படம் ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று சில சொற்கள் தோன்றும். ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் அதற்கென்று சொற்கள். சினிமாக் கொட்டகையிலும் வரும். தன் பிரிவின் சொற்களைப் பார்த்தவன் கூட வந்தவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து போவான். இருட்டில் அங்கங்கே ஆண்கள் எழுந்து, யாரோடும் பேசாமல், வாசலைப் பார்த்து நடப்பார்கள். நான் சின்ன வயதில் அப்படி ஒரு முறை பார்த்திருக்கிறேன். என் பக்கத்து இருக்கை காலியாயிற்று. அவர் விட்டுப்போன கடலைப் பொட்டலம் இருக்கையில் இருந்தது. பயிற்சிதான் என்று அம்மா சொன்னாள். இருந்தும் படம் முடியும்வரை அந்தக் காலி இருக்கையைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

இதெல்லாம் ஊரறியக் கூப்பிடுவது. ஊருக்குத் தெரியாமல் கூப்பிடவும் எங்கள் பிரிவில் ஒரு வழி இருந்தது. ஃபோன் சங்கிலி. ஒவ்வொருவருக்கும் ஒரு எண். மூன்றாம் ஆள் நான்காம் ஆளை அழைப்பார், நான்காம் ஆள் ஐந்தாம் ஆளான என்னை, நான் ஆறாம் ஆளை. பேர் சொல்லக் கூடாது. சொற்களைச் சொல், பதிலைக் கேள், வை. உத்தரவு மேலிருந்து கீழேதான் வரும், கீழிருந்து மேலே போகாது. கிளம்பு என்று யார் சொன்னாரோ அவர்தான் ஸ்டாண்ட் டவுன், அதாவது போதும் நில், என்றும் சொல்லலாம். ஏனென்றால் எதிரியிடமும் ஃபோன் இருக்கும். கீழே இருப்பவனைப் பிடித்துவைத்து, எல்லாம் முடிந்துவிட்டது, யாரும் வர வேண்டாம் என்று அவன் வாயாலேயே சொல்லவைக்க முடியும். இதை எங்கள் தலையில் ஆணி அடிப்பதுபோல் அடித்து இறக்கியிருந்தார்கள்.

நான்காம் ஆள் என் சார்ஜன்ட். தமிழர். பேருந்துப் பட்டறையில் மெக்கானிக். காட்டுக்குள் பயிற்சியில் கணுக்கால் பிசகி நான் அழுதபோது, "அழுவுறத நிறுத்து லா, கொசு வாய்க்குள்ள போவும்," என்று சொல்லி, என் மூட்டையையும் சேர்த்துச் சுமந்தவர். நாற்பது வயதில் என் கடமை முடிந்ததாகச் சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பே நான் டெக்சாஸ் வந்தாயிற்று. அவரோடு தீபாவளிக்கு ஒரு வாழ்த்து, பொங்கலுக்கு ஒரு வாழ்த்து என்ற அளவில்தான் உறவு மிஞ்சியிருந்தது.

அன்று மாலையே அவர் மனைவியிடமிருந்து குரல் செய்தி வந்தது. "தம்பி, மன்னிச்சுக்குங்க. அவருக்கு ஞாபகம் தப்பிப் போச்சு. ஒரு வருஷமா இப்படித்தான். காலைல நாலு மணிக்கு எந்திரிச்சு யூனிஃபார்ம் போடுறாரு, பூட்ஸ் போடுறாரு, முகாமுக்குப் போவணுங்கறாரு. முகாம இடிச்சு எத்தன வருஷமாச்சு! நடுவுல விரைவுச்சாலை வேற. நான் கதவுல நின்னு தடுக்கறதுதான். ஆனா இன்னிக்கு உங்களுக்கு ஃபோன் பண்ணிட்டு, 'அஞ்சு கிளம்பிட்டான், நாம இங்கயே இருந்து லைனப் பாத்துக்கணும்'னு உக்காந்துட்டாரு. அப்படியே தூங்கிட்டாரு, தம்பி. நாளைக்கும் கூப்பிட்டா எடுப்பீங்களா?"

எடுப்பேன் என்றேன். இதில் என்ன கஷ்டம், நாலு வார்த்தை. அவர் வெளியே போனால் விரைவுச்சாலையில் லாரி அடித்துவிடும். நான் ஃபோனை எடுத்தால் போக மாட்டார். இவ்வளவு எளிய கணக்கை யார் வேண்டுமானாலும் போடலாம்.

தினமும் வந்தது. இங்கே பிற்பகல் மூன்று, அங்கே அதிகாலை நான்கு. அலுவலகக் கூட்டத்தில் இருந்தால், "ஒரு நிமிஷம்" என்று எழுந்து வெளியே போவேன். ஒரு தடவை பேர்லேண்ட் மீனாட்சி கோயில் கார் பார்க்கில், வெயிலில், கையில் புளியோதரைப் பொட்டலத்தோடு விறைப்பாக நின்று பதில் சொன்னேன். அர்ச்சனைத் தட்டோடு வந்த ஒரு ஆன்ட்டி நின்று பார்த்துவிட்டு, "ஏதாவது பேட் நியூஸா தம்பி?" என்று கேட்டார். இல்லை ஆன்ட்டி, ஆஃபீஸ் என்றேன். நவம்பரில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிவைத்ததும் அழைப்பு இரண்டு மணிக்கு வந்தது. அவர் மாறவில்லை, நாங்கள்தான் மாறினோம்.

என் மனைவி தாம்பரத்துக்காரி. எதையும் ஒரு பிடி சந்தேகத்தோடு பார்ப்பவள். "திரும்ப உங்க சார்ஜன்ட்டா? ஒரு நாள் ஆன்சர் பண்ணாம விட்டா என்னவாம்?" என்பாள்.

"கிளம்பிடுவார்."

"நீங்க கிளம்பாம இருந்தா சரி," என்றாள்.

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. அந்த வாரம் நான் காரைத் தெருவைப் பார்த்து நிறுத்த ஆரம்பித்திருந்தேன், பின்னால் எடுக்காமல் நேராகப் பாய்ந்து போகிற மாதிரி. யாரும் சொல்லவில்லை, நானும் முடிவெடுக்கவில்லை. ஒரு நாள் பார்த்தேன், கார் அப்படி நின்றது.

மூன்று மணிக்கு எங்கள் தெரு எப்படியிருக்கும் என்பதை இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிப் பேருந்து வர இன்னும் நேரம் இருக்கும். இருபுறமும் ஒரே மாதிரி வீடுகள், மூடிய கராஜ் கதவுகள், இறக்கிவிட்ட திரைகள். புல்வெளியில் நீர் தெளிக்கும் குழாய்கள் தாமாகத் திறந்து தாமாக நிற்கும். ஒரு மனிதத் தலை தெரியாது. எதிர்வீட்டு அமெரிக்கர் அலமாரி நிறையத் துப்பாக்கி வைத்திருப்பதாகப் பெருமையாகச் சொல்வார். எங்கள் ஊரில் துப்பாக்கி முகாமில் இருக்கும், ஆள் வீட்டில் இருப்பான். இங்கே துப்பாக்கி வீட்டில் இருக்கிறது. இங்கே ஒருவர் அந்த இரண்டு சொற்களைச் சொன்னால் எத்தனை கதவு திறக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன். பிறகு எதிரி எந்தப் பக்கமிருந்து வருவான் என்று பார்ப்பேன். வெள்ளத் தண்ணீருக்காக வெட்டிய குளத்தின் கரை வழியாகத்தான் வருவான். நானாக இருந்தால் அப்படித்தான் வருவேன். இப்படி யோசித்துக்கொண்டே ஜன்னலோரம் நின்றிருப்பேன். வெட்டவெளிச்சத்தில் முதுகு சில்லிடும்.

ஃபோனில் அவர் குரலுக்குப் பின்னால் விசிறி சுற்றும் சத்தம் கேட்கும். சில நாள் குயில் கேட்கும், அந்த ஊர்க் குயிலுக்கு நேரங்காலம் கிடையாது. பூட்ஸ் கயிற்றை இழுக்கும் சத்தமும் கேட்கும். ஒவ்வொரு நாளும் கடைசியில் கேட்பார்: "ஆறுக்குச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன், சார்ஜன்ட்."

ஆறாம் ஆள் ஒரு சீனர். மீன் நூடுல்ஸ் கடை வைத்திருந்தார். இறந்து ஏழு வருஷம் ஆகிறது, மாரடைப்பு. அழைப்பு எந்த நேரத்தில் வந்தாலும் குளிக்காமல் கிளம்ப மாட்டார். நாட்டையே எதிரி பிடித்தாலும் இவன் சோப்புப் போட்டுவிட்டுத்தான் வருவான் என்று சார்ஜன்ட் திட்டுவார். முகாம் வாசலில் எப்போதும் ஈரத் தலையோடுதான் வந்து நிற்பார்.

பிப்ரவரியில் ஒரு நாள் வழக்கம்போல் பதில் சொன்னேன். சார்ஜன்ட் வைக்கவில்லை.

"ஆறுக்குச் சொன்னியா?"

"சொன்னேன்."

"பொய் சொல்லாத." குரலில் கோபமே இல்லை. "ஆறு வந்துட்டான். இங்க என் பக்கத்துலதான் நிக்கிறான். தலையெல்லாம் ஈரம். தரையெல்லாம் சொட்டுது. நீ அவனுக்குச் சொல்லவே இல்லங்கறான். அன்னிக்கும் சொல்லலையாம்."

வைத்துவிட்டார். நான் சோபாவில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கும் சொல்லவில்லை. அது உண்மை. பல வருஷங்களுக்கு முன், ஒரு பயிற்சி அழைப்பின்போது, எனக்கு நல்ல தூக்கம். சார்ஜன்ட்டுக்குப் பதில் சொல்லிவிட்டு, ஆறாம் ஆளை அழைக்காமலே மறுபடி படுத்துவிட்டேன், ஐந்து நிமிஷம் கழித்துச் செய்யலாம் என்று. விழித்தபோது வெளிச்சமாகியிருந்தது. நான் ஓடிப்போய்க் கடைசி நிமிஷத்தில் சேர்ந்தேன், ஆறாம் ஆள் வேறு யாரோ சொல்லித் தாமதமாக வந்து தண்டனை வாங்கினார். ஃபோன் அடித்தது, தனக்குத்தான் கேட்கவில்லை என்று அவர் என்னைக் காப்பாற்றிவிட்டார். இது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். என் மனைவிக்குக்கூடத் தெரியாது. ஆறாம் ஆள் பின்னால் எப்போதாவது சார்ஜன்ட்டிடம் சொல்லியிருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும். வேறு எப்படித் தெரிந்திருக்கும்? இதைப் பத்துத் தடவையாவது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பயந்துவிட்டேன், அதை மறைக்க என்ன இருக்கிறது. அதற்குப் பிறகு தினமும் சார்ஜன்ட் பேசும்போது பின்னால் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன். ஒரு மாதம் இப்படிப் போயிற்று. மார்ச்சில், கடிகாரத்தை மறுபடி முன்னே தள்ளிய பிறகு, ஒரு நாள் காலை ஏழு மணிக்கு, அங்கே இரவு எட்டு, அவர் நிதானமாக இருக்கும் நேரம் என்று நினைத்து நானே அவரை அழைத்தேன். இந்தக் கூத்தை முடித்துவிடலாம் என்று எண்ணம். எனக்கு மூளை எங்கே போயிற்று என்று இன்றும் தெரியவில்லை.

"சார்ஜன்ட், எக்சர்சைஸ் ஓவர். ஸ்டாண்ட் டவுன்."

"யாரு சொன்னது?"

"மேலேருந்து சொன்னாங்க."

"உனக்கு மேல நான்தானே இருக்கேன்."

அவர் சொன்ன பிறகுதான் என் தவறு எனக்கு உறைத்தது. கீழிருந்து மேலே உத்தரவு போகாது. போனால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உன் கூட யாரு இருக்கா?"

"யாரும் இல்ல, சார்ஜன்ட்."

"சரி. நீ ஒண்ணும் பேச வேணாம். உன்னப் புடிச்சு வச்சிருக்காங்கன்னா, லேசா இருமு."

மார்ச் மாதம். ஹூஸ்டன் பக்கம் ஓக் மரங்கள் மகரந்தத்தைக் கொட்டும் காலம். கார், நடைபாதை எல்லாவற்றின்மேலும் மஞ்சள் பொடி படிந்திருக்கும். இரண்டு வாரமாக எனக்குத் தொண்டை அரித்துக்கொண்டிருந்தது. அடக்கினேன். அடக்க அடக்க முட்டிக்கொண்டு வந்தது. இருமிவிட்டேன்.

"புரிஞ்சுது," என்றார் சார்ஜன்ட். "அடிச்சாங்களா? பரவால்ல, தைரியமா இரு. நான் வர்றேன்."

திரும்ப அழைத்தேன், எடுக்கவில்லை. அவர் மனைவியிடம், நான் அக்கா என்று கூப்பிடுபவரிடம், உடனே சொன்னேன். அக்கா அன்றும் மறுநாளும் கதவருகிலேயே பாய் போட்டுப் படுத்தார். மூன்றாம் நாள் அசதியில் கண்ணயர்ந்த நேரத்தில் சார்ஜன்ட் அவரைத் தாண்டிப் போய்விட்டார். விரைவுச்சாலையைக் குறுக்கே கடந்திருக்கிறார். ஒரு லாரிக்காரர் பிரேக்கை மிதித்து, வண்டி சாலையில் குறுக்காகத் திரும்பி நின்றிருக்கிறது. முகாம் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிகள். அதில் ஒன்றின் கீழ்த்தளத்தில் முதுகை மூட்டையில் சாய்த்து உட்கார்ந்திருந்தவரைப் போலீஸ்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தது. மூட்டையில் கயிறு, கட்டுத் துணி, இரண்டு பாட்டில் தண்ணீர், ஒரு பொட்டலம் பிஸ்கட். ஒரு பாட்டிலும் பிஸ்கட்டும் எனக்காம். "அஞ்சு சாப்பிட்டிருக்க மாட்டான்" என்றாராம்.

மகன் வந்து கதவுக்கு வெளிப்பூட்டுப் போட்டார். சார்ஜன்ட் முக்காலியால் கதவை அடித்தார், விழுந்தார், நெற்றியில் தையல், பூட்டைக் கழற்ற வேண்டியதாயிற்று. தாதிமை இல்லத்தில், முதியவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், சேர்த்துவிடலாம் என்று மகன் பேச ஆரம்பித்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கும் வேலை, பிள்ளைகள்.

அக்கா எனக்கு ஃபோன் செய்து அழுதார். "அங்க போனா ஒரு மாசம் தாங்க மாட்டாரு, தம்பி. ராத்திரியெல்லாம் உங்களத்தான் கேக்குறாரு. அஞ்சு எங்க, அஞ்சு எங்கன்னு. நீங்கதான் ஏதாச்சும் பண்ணணும்."

நான் செய்ததால் வந்த வினை, நான்தான் தீர்க்க வேண்டும். ஆனால் என் குரலில் நான் இனி எது பேசினாலும் அது எதிரி பேசவைப்பது. சார்ஜன்ட்டிடம் நில் என்று சொல்லக்கூடியவர் உலகத்தில் ஒரே ஆள்தான், அவருக்கு மேலே இருந்த மூன்றாம் ஆள். எங்கள் லெஃப்டினன்ட். அவரும் தமிழர். உத்தரவு ஆங்கிலத்தில் வரும், திட்டு தமிழில் வரும். அவர் இறந்து நாலு வருஷம். சார்ஜன்ட் அந்தச் சாவுக்குப் போயிருந்தார், ஆனால் அது இப்போது அவர் நினைவில் இல்லை.

மூன்றாம் ஆள் பேசுவதற்கு முன் இரண்டு முறை தொண்டையைச் செருமுவார். பிறகு, "கேளுப்பா" என்பார், வாயைப் பாதிதான் திறந்து. இவ்வளவுதான் எனக்கு நினைவிருந்தது. கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். வராது, பத்து நாளாவது பழக வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். முதல் தடவையே வந்தது. நான் மறந்துபோயிருந்த இழுப்புகள்கூட வந்தன, என் தொண்டையில் எத்தனையோ வருஷமாகக் காத்திருந்ததுபோல். பேசுவது நான்தான் என்று தெரிந்தும் கை மயிர் குத்திட்டு நின்றது.

உள்ளேயிருந்து என் மனைவி கதவைத் தட்டினாள். "கராஜ்ல யாரு இருக்கா உங்க கூட?"

மறுநாள் மூன்று மணிக்கு அவளுடைய ஃபோனிலிருந்து அழைத்தேன், எண் தெரியாமலிருக்க. அங்கே சார்ஜன்ட் பூட்ஸ் கட்டிக்கொண்டிருந்தார். அக்கா ஃபோனை அவர் காதில் வைத்தார். இரண்டு முறை செருமினேன். அந்த இரண்டு சொற்களைச் சொன்னேன்.

"சார்!" டைல்ஸ் தரையில் பூட்ஸ் குதிகால்கள் சேரும் சத்தம் கேட்டது.

"கேளுப்பா. ஸ்டாண்ட் டவுன். எல்லாம் முடிஞ்சுது. எதிரி போயாச்சு."

"யெஸ் சார்." மூச்சு வாங்கியது அவருக்கு. "சார், அஞ்சு மட்டும் மாட்டிக்கிட்டான் சார். நான் போயி அவனக் கூட்டியாந்துட்டு ஸ்டாண்ட் டவுன் பண்றேன் சார்."

இதற்குப் பதில் யோசித்து வைத்திருந்தேன். "தேவையில்ல. அஞ்சு திரும்பி வந்துட்டான்."

"நீங்க பாத்தீங்களா சார்?"

"பாத்தேன்."

"அப்ப லைன்ல குடுங்க சார். ஒரு வார்த்தை பேசிக்கிறேன்."

இதை நான் யோசிக்கவில்லை. கொடுப்பதற்கு என்னிடம் இருந்தது என் குரல், அவர் கணக்கில் எதிரியின் கையில் இருப்பவன் குரல்தான். "பேச முடியாது," என்றேன். குரல் லேசாக உடைந்துவிட்டது.

அங்கே விசிறி சுற்றியது. எங்கள் தெருவில் எந்தச் சத்தமும் இல்லை.

"மறைக்காதீங்க சார். போயிட்டானா?"

இல்லை என்றால் அவர் கிளம்பிவிடுவார். பூட்ஸ் கட்டியாயிற்று, மூட்டை தயாராக இருக்கும், அக்காவால் தடுக்க முடியாது. அவரை வீட்டில் உட்காரவைக்கக்கூடிய சொல் ஒன்றுதான் மிச்சமிருந்தது.

"ஆமாப்பா," என்றேன். "போயிட்டான்."

அவர் அழவில்லை. நாற்காலியில் உட்காரும் சத்தம் கேட்டது.

"நல்ல பையன் சார். சோம்பேறிதான். வேலைய மத்தவன் தலையில கட்டிடுவான். ஆனா கூப்பிட்டா எடுப்பான் சார். ஒரு நாள்கூட எடுக்காம இருந்ததில்ல."

நான் ஃபோனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அவன் வீட்டுக்கு யாரு சார் சொல்றது? நான் போவட்டுமா?"

"வேணாம். நான் சொல்லிக்கிறேன்."

"சரி சார். பாத்துச் சொல்லுங்க சார்."

பூட்ஸ் கயிறு அவிழும் சத்தம் கேட்டது, முதலில் ஒரு கால், பிறகு இன்னொரு கால். அக்கா ஃபோனை வாங்கி வைத்துவிட்டார்.

மறுநாள் இரண்டே முக்காலிலிருந்தே ஃபோனை மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று ஆயிற்று, மூன்றரை ஆயிற்று. பள்ளிப் பேருந்து வந்து போனது. இரவு அக்காவின் குரல் செய்தி வந்தது. மனைவி அப்போது பக்கத்தில் இருந்ததால் சத்தமாகவே கேட்டோம்.

"தம்பி, எட்டு மணி வரைக்கும் நல்லாத் தூங்கினாரு. எந்திரிச்சு தோசை கேட்டுச் சாப்பிட்டாரு. வாசல் பக்கமே போவல. அப்புறம்... உங்க பழைய குரூப் ஃபோட்டோ ஒண்ணு இருந்திச்சு. அத எடுத்து வச்சு, உங்களுக்குன்னு விளக்கு ஏத்துன்னாரு. நான் மாட்டேன்னேன். அவரே ஏத்திட்டாரு. மனசுல எதுவும் வச்சுக்காதீங்க தம்பி."

என் மனைவிக்கு முகம் சிவந்துவிட்டது. "உசுரோட இருக்கிற மனுஷனுக்கு யாராவது விளக்கு ஏத்துவாங்களா? என்ன கொடுமைங்க இது! இப்பவே கால் பண்ணுங்க. நான் நல்லாத்தான் இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வச்சிடுங்க."

"சொன்னா என்னத் தேடிக்கிட்டுத் திரும்பக் கிளம்பிடுவார்," என்றேன்.